குடலிறக்கமும் என் இரண்டு விரல்களும்

சென்ற மாதம் என் மகள் பள்ளி விட்டு வந்ததும், "அம்மா, இங்க ஒரு கட்டி இருக்கு, அமுக்கினா வலிக்குது" என்று தொடைமடிப்பைக் காட்டினாள். பதினாறு வயதுப் பெண். நான் இருபத்திரண்டு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அதில் பதினைந்து வருடம் ஆபரேஷன் தியேட்டரில். முழங்கால் ஒத்துழைக்காததால் காலம் முடியுமுன்பே ஓய்வு வாங்கிக்கொண்டேனே தவிர, தொட்டுப் பார்க்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் என் கை போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கவரைப்பேட்டை ஸ்டேஷனில் அடுத்து வந்த ரயிலில் அவளை ஏற்றி, நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியில், "வாந்தி வர்ற மாதிரி இருக்கா?" என்று நான்கு தடவை கேட்டேன். ஐந்தாவது தடவை கேட்டபோது, "நீ கேட்டுக்கினே இருந்தா வந்துடும்" என்றாள்.

இப்போது அங்கே ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். சின்ன வயது. மகளை நிற்க வைத்தும் படுக்க வைத்தும் பார்த்தார். பிறகு கால்விரல்களைப் பிரித்துப் பார்த்தார். புதுச் செருப்பு கடித்துச் சீழ் பிடித்திருந்தது. "நெறிதான் கட்டியிருக்கு. காயம் ஆறினா இதுவும் போயிடும்" என்றார்.

"ரெண்டும் ஒரே பக்கம்தானே டாக்டர்?"

"ஆமா."

"இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தார். என்னிடம் தியேட்டர் வேலை பழகிய நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் நின்றிருந்தாள். "இன்னா சிஸ்டர், ஒரு நெறிக்குப் போயி இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?" என்று சிரித்தாள். ஒரு வாரத்தில் காயமும் ஆறியது, கட்டியும் கரைந்தது. எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. அந்த நர்ஸுக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சி நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் படித்தோம், படுக்கை விரித்தோம், திட்டு வாங்கினோம். குடலிறக்கம் எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட வராது. ஒரு படம் போட்டிருந்தார்கள். ஆண் உடம்பின் படம். பரீட்சையில் அதையே வரைந்து மார்க் வாங்கினேன்.

வேலைக்கு வந்த பிறகுதான் அந்த நோய் எத்தனை விதம் என்று தெரிந்தது. புதுவாயல் பக்கத்து ரைஸ் மில்களில் மூட்டை தூக்குகிறவர்கள், பழவேற்காட்டு ஏரியில் வலை இழுக்கிறவர்கள், பின்னாளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்ததும் இரும்பு சுமக்கிறவர்கள் என்று வாரத்துக்கு நாலைந்து பேர் வருவார்கள். பலரும் பல வருடம் அதை வைத்துக்கொண்டே வேலை செய்தவர்கள். மூட்டைக்காரர் ஒருவர், கொட்டாங்கச்சித் துண்டு ஒன்றைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கி, வீக்கத்தின்மேல் வைத்து, அதன்மேல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆறு வருடம் மூட்டை தூக்கியிருந்தார். கட்டை அவிழ்த்தபோது கொட்டாங்கச்சியின் வட்டம் தோலில் பச்சை குத்தியதுபோலப் பதிந்திருந்தது. எங்கள் சர்ஜன் அந்தத் துண்டைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "கடையில விக்கிற பெல்ட்டைவிட நல்லா இருக்கே" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே வியந்தார்.

அவர் அப்படிப்பட்டவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லி, எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. குரலை உயர்த்தமாட்டார். எந்தச் சீட்டைக் கையில் கொடுத்தாலும் வாய்விட்டுப் படிப்பார். "எழுதினவனே படிச்சா தப்பு தெரியாது, காதால கேட்டாத்தான் தெரியும்" என்பார். மூட்டைக்காரர்களுக்கு நோயை விளக்குவதில் அவருக்குத் தனி ஆர்வம்.

"மூட்டையில தையல் விட்டா அரிசி கொட்டுதில்ல? கொட்டின அரிசியை உள்ள தள்ளிட்டாப் போதுமா?"

"தையல் போடணும் சார்."

"அதான் ஆபரேஷன். நீ இத்தனை நாளா அரிசியத் தள்ளிக்கிட்டு இருந்தே."

எனக்கு அவர் விளக்கியது இன்னும் கொஞ்சம் அதிகம். அடிவயிற்றில் குடலைத் தாங்கிப் பிடிக்க எலும்பு கிடையாது. சதையும், அதைப் போர்த்திய வெள்ளைத் துணி போன்ற உறையும்தான். ஆண் குழந்தைக்கு விரைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. பிறப்பதற்குச் சற்று முன்பு அந்தச் சுவர் வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. இறங்கிய வழி ஆயுள் முழுவதும் ஒரு பலவீனமான இடம். முக்கும்போதும், இருமும்போதும், பாரம் தூக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் அந்த இடத்தைத்தான் தேடிப் போகும். இதை முதல்முதலாகக் கேட்ட அன்று ஆபரேஷன் முடியும்வரை எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. பிறப்பதற்கு முன்பே நடந்த ஒரு காரியத்துக்கு நாற்பது வயதில் தையல் போடுகிறோம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அவர் எல்லோரிடமும் மூன்று கேள்வி கேட்பார். எப்ப வருது? எப்ப உள்ள போவுது? என்னைக்காவது போகாம நின்னிருக்கா? மூன்றாவதற்கு 'ஆமா' என்று பதில் வந்தால் அவர் முகம் மாறும். போகாமல் நின்ற குடலின் கழுத்தை அந்த ஓட்டை நெரிக்கும். ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும்.

இன்னொரு விசேஷம், நோயாளி மல்லாந்து படுத்தால் வீக்கம் பெரும்பாலும் தானாக உள்ளே போய்விடும். மேஜைமேல் படுத்திருப்பவருக்கு எந்தப் பக்கம் என்றே தெரியாது. அதனால் ஆபரேஷன் அன்று காலை அவரே வார்டுக்கு வந்து, ஆளை ஜன்னலோரம் நிற்க வைத்து, இருமச் சொல்லி, வீக்கத்தின்மேல் ஊதா மருந்தால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறியை வேறு யாரும் போடக் கூடாது.

ஒருமுறை முனுசாமி என்ற மில் தொழிலாளி, குறி போட்ட பிறகு பின்பக்கக் குழாயடிக்குப் போய், சீயக்காய் தேய்த்துத் தலை முழுகிவிட்டு வந்துவிட்டார். அம்மன் கோயிலுக்குப் போவதானாலும் ஆபரேஷனுக்குப் போவதானாலும் குளித்துவிட்டுத்தான் போவார்களாம். முதுகில் மயக்க ஊசியும் போட்டாயிற்று. துணியை விலக்கினால் குறி இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

"எந்தப் பக்கம்பா?" என்றார் சர்ஜன்.

"இன்னா சார், நீதான கோடு போட்டே!"

"கேஸ் ஷீட்ல வலதுன்னு இருக்கு சார்" என்றேன் நான்.

"அதை எழுதினதும் நான்தானே சிஸ்டர். என்னையே எனக்குச் சாட்சி வைக்கிறீங்களே." கையுறையைக் கழற்றிவிட்டார். "நாளன்னைக்குப் பாத்துக்கலாம். இவரை வார்டுக்குக் கொண்டுபோங்க."

கால் மரத்துப்போன முனுசாமி ஸ்ட்ரெச்சரில் போகும்போது, "மேடையில குந்த வெச்சிட்டு தாலி கட்டாம அனுப்பறியே சார்!" என்று கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் நடந்தது. வலப்பக்கம்தான்.

தைக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். தோலையும் உறையையும் திறந்து, வெளியே பிதுங்கிய பையைக் கண்டுபிடித்து, அதற்குள் இருப்பதை வயிற்றுக்குள் அனுப்பி, பையின் கழுத்தைக் கட்டி வெட்டிவிடுவார். பிறகு தளர்ந்த சுவரை, மேலிருக்கும் சதையைக் கீழிருக்கும் நாரோடு சேர்த்து, கிழிந்த துணியை இழையோட்டுவதுபோல வலுவான நூலால் தைப்பார். நூலை இழுத்து முடிச்சுப் போடும்போது அதிகம் இறுக்கமாட்டார். இறுக்கினால் சதை செத்துப்போகும், தளர்த்தினால் மறுபடியும் இறங்கும். முடிச்சுக்கு முன் ஒரு நொடி நிறுத்தி, கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்குத் தள்ளுவார். அந்த நொடியில் கத்தரிக்கோலை நான் தயாராக நீட்ட வேண்டும்.

ஆண்கள் விஷயத்தில் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த மனிதர், பெண்கள் விஷயத்தில் என் இரண்டு விரல்களை நம்பினார். அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் இடுப்புக்குக் கீழே ஆண் டாக்டரைப் பார்க்க விடமாட்டார்கள். அதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. இரும்புச் சட்டத்தில் பச்சைத் துணி கட்டிய தடுப்புத் திரைக்கு இந்தப் பக்கம் நானும் நோயாளியும். அந்தப் பக்கம் ஸ்டூலில் சர்ஜன், கையில் சீட்டு.

"எங்கே சிஸ்டர்?"

"தொடைமடிப்புக்குக் கீழே சார்."

"அளவு?"

"நெல்லிக்காய்."

மிளகு, கொண்டைக்கடலை, சுண்டைக்காய், நெல்லிக்காய், எலுமிச்சை. எங்கள் இருவருக்கும் அளவுகோல் இவைதான். நான் சொன்னதை அவர் எழுதுவார். ஒருநாளும் 'சரியாகப் பார்த்தீர்களா' என்று கேட்டதில்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தேசம்மா வந்தது அறுபதுகளின் நடுவில் ஒரு புதன்கிழமை. ஏரிக்கரைக் குப்பத்துக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து நகர்ந்து, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்களாம். கூடவே பக்கத்து வீட்டு எல்லம்மாவும் வந்திருந்தாள். அந்தப் பெண்களின் பாதங்களைச் சிப்பி ஓடு கிழிக்காமல் இருக்காது. கால் காயத்தால் தொடைமடிப்பில் நெறி கட்டி வருவதும் அங்கே சளி, காய்ச்சல் மாதிரிச் சாதாரணம். வாரத்துக்குப் பத்து நெறி பார்ப்பேன்.

அன்றைக்கு என் மகளுக்கு மணல்வாரி அம்மை போட்டு மூன்றாம் நாள். நாலு வயது. ரயில்வேக்காரரான கணவர் டியூட்டிக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வீடு திரும்ப மதியம் ஒரு பாசஞ்சர் ரயில், அதை விட்டால் சாயங்காலம்தான். தேசம்மா கடைசி ஆள். "சிஸ்டர், வண்டிய வுட்ருவே, சீக்கிரம் முடி" என்று ஆயா குப்பம்மா திரைக்கு வெளியிலிருந்து சொன்னாள்.

தேசம்மா பெஞ்சில் படுத்தாள். பாதத்தில் சீழ் வைத்த காயம். தொடைமடிப்புக்குக் கீழே உருண்டையாக ஒரு கட்டி. விரலை வைத்தேன்.

"எத்தினி நாளா இருக்கு?"

"ஒரு மாசமா கீது நர்சம்மா. ராவுல படுத்துக்கினா..."

அவள் அடுத்து என்ன சொல்ல வந்தாள் என்று நான் காத்திருக்கவில்லை. "நெறி சார், சுண்டைக்காய் அளவு" என்று திரையைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டேன்.

"காயம்?"

"கால்ல இருக்கு சார், சீழ் வெச்சிருக்கு."

அவர் எழுதினார். மாத்திரை, காயத்துக்குக் களிம்பு. கட்டிக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னது நான். பாசஞ்சரைப் பிடித்துவிட்டேன். வீட்டுக்குப் போனபோது மகள் காய்ச்சல் குறைந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஒன்பது நாள் கழித்துக் காலை எட்டு மணிக்கு, தேசம்மாவை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். முந்தின நாள் காலையிலிருந்து வாந்தி. வாந்திபேதி என்று நினைத்து வேறு அறைக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள்.

சர்ஜன் எல்லம்மாவைக் கேட்டார். "பேதி ஆச்சா?"

"இல்ல சார். காத்துகூட பிரியல. வயிறு மட்டும் பானையாட்டம் ஆயிட்டுது."

அவர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், எங்கயாவது கட்டி இருக்கா பாருங்க."

திரையைப் போட்டுத் துணியை விலக்கினேன். அதே இடம். இப்போது எலுமிச்சை அளவு, மேல்தோல் சிவந்து சூடாக இருந்தது. தொட்டதும் தேசம்மா என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். அந்தப் பக்கம் எல்லம்மா பழைய சீட்டை நீட்டியிருக்க வேண்டும். சர்ஜன் தன் வழக்கப்படி வாய்விட்டுப் படிப்பது கேட்டது. தொடைமடிப்பில் நெறி, காலில் சீழ்க்காயம். படித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"கட்டி எந்தப் பக்கம் சிஸ்டர்?"

"வலது சார்."

"காயம் எந்தக் கால்ல?"

பார்த்தேன். இடது காலில் காய்ந்த வடு. வலது பாதத்தில் பழைய கீறல்களைத் தவிர ஒன்றுமில்லை. இடது காலில் காயம் பட்டால் நெறி இடது பக்கம்தான் கட்டும். முதலாண்டுப் பாடம் அது. அன்றைக்கு நான் காயத்தைப் பார்த்தேன், கட்டியைப் பார்த்தேன். இரண்டும் எந்தெந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. கால் காயம் என்றால் நெறி என்று பழகிப்போன கண், அதற்கு மேல் எதையும் கேட்காமல் விட்டுவிட்டது.

"இடது சார்" என்றேன்.

அவர் ஸ்டூலை விட்டு எழுந்த சத்தம் கேட்டது. "அம்மா, நான் உள்ள வந்து பார்க்கணும். வரலாமா?"

தேசம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "உசுரு போவுது. எவன் வேணா வந்து பாரு" என்றாள்.

அவர் பார்த்தார். அழுத்தவே இல்லை. விரல்நுனியை வைத்து எடுத்தார். தொடைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி, ஒரு விரல்நுனி நுழையுமளவு இடுக்கு எல்லோருக்கும் உண்டு. பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலம், அதனால் இடுக்கும் சற்று அகலம். அதன் வழியே குடலின் ஒரு சிறு வளையம் இறங்கிவிடும். வெளியே சுண்டைக்காய் அளவுதான் தெரியும், இருமினாலும் சில சமயம் அசையாது. நெறி மாதிரியே இருக்கும். ஆனால் அந்த இடுக்கின் விளிம்பு கத்திபோலக் கெட்டியானது. ஆண்களின் பெரிய வீக்கத்தைவிட இந்தச் சின்னக் கட்டிதான் சீக்கிரம் கழுத்தை நெரிக்கும். என் பாடப் புத்தகத்துப் படத்தில் இந்த இடம் இல்லவே இல்லை.

சென்னைக்கு அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். வண்டி கிடைத்துப் போய்ச் சேர மூன்று மணி நேரம். "இங்கயே பண்ணிடலாம்" என்றார். தேசம்மாவின் புருஷன் ஏரியில் இருந்தான். சம்மதத்துக்குக் கைரேகை வைக்க எல்லம்மா மட்டும்தான்.

"நான் எதுக்குக் கை வெக்கணும்? இவ செத்துட்டா எம் மேல வராது?"

"வெய்டி" என்றாள் தேசம்மா. "செத்துட்டா நான் வந்தா கேக்கப்போறேன்?"

எல்லம்மா அழுதுகொண்டே கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.

கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நின்றபோது, வேறு யாரையாவது நிற்கச் சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "ரெண்டு கெண்டியில வெந்நீர் உப்புத் தண்ணி தயார் பண்ணச் சொல்லுங்க. ஆறினா மாத்திக்கிட்டே இருக்கணும்."

கட்டியின்மேல் கீறிப் பையைத் திறந்தார். கலங்கிய சிவப்புத் தண்ணீர் வந்தது. உள்ளே குடலின் வளையம், என் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. நாவற்பழ நிறம். இழுத்தால் வராது. இழுக்கவும் கூடாது. இடுக்கின் உள்விளிம்பை அறுத்தால்தான் வழி விடும். ஆனால் அந்த விளிம்பின் பின்னால் சிலருக்கு ஒரு ரத்தக்குழாய் ஓடும். சிலருக்கு ஓடாது. அறுக்கும்வரை தெரியாது. அவர் சுண்டுவிரலை உள்ளே விட்டு, விரலின்மேல் கத்தியைத் தட்டையாகச் செலுத்தி, நெல் முனையளவு அறுத்தார். நின்றார். ரத்தம் வரவில்லை. இன்னும் ஒரு நெல் முனை. வளையம் வழுக்கிக்கொண்டு தளர்ந்தது.

அதை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டு, "துணி" என்றார்.

வெந்நீரில் நனைத்த துணியை என் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துக் கொடுத்தேன். குடலின்மேல் சுற்றினார். "அஞ்சு நிமிஷம். யாரும் தொடாதீங்க." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குடல் செத்திருந்தால் வெட்டி இணைக்க வேண்டும். ரத்தம் ஏற்ற வழியில்லாத எங்கள் ஆஸ்பத்திரியில், ஒரு நாள் முழுக்க வாந்தியெடுத்து வற்றிப்போன உடம்பு அதைத் தாங்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஐந்து நிமிடம் கழித்துத் துணியை விலக்கினார். அதே நாவற்பழம். நெரிபட்ட இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

"இன்னொரு அஞ்சு."

துணியை மாற்றினேன். தேசம்மாவுக்கு நினைவு இருந்தது, இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. முதுகு ஊசிதான். திரைத்துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எம் பொண்ணு நாலு வயசு. கரையில தனியா வெள்ளாடும். எல்லம்மாவ ஊட்டுக்குப் போவச் சொல்லு நர்சம்மா" என்றாள். சரி என்றேன்.

இரண்டாவது தடவை விலக்கியபோது வளையத்தின் ஓரத்தில் நிறம் மாறியிருந்தது. நான் ஆசையில் அப்படிப் பார்க்கிறேனோ என்று பேசாமல் இருந்தேன். அவர் குனிந்து, விரல்நுனியால் குடலை லேசாகச் சுண்டினார். ஒன்றுமில்லை. மறுபடியும் சுண்டினார். மண்புழு நகர்வதுபோல ஒரு சுருக்கம் எழுந்து, அந்தச் சாம்பல் கோட்டின்மேல் ஏறி, தயங்கி, தாண்டிப் போனது. அதன் பின்னாலேயே இளஞ்சிவப்பும் பரவியது. மூன்றாவது துணி மாற்றி எடுத்தபோது அது மற்றக் குடல் மாதிரியே இருந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்த வேறொரு பொருள் கிடையாது.

கோட்டின்மேல் இரண்டு தையல் போட்டு, குடலை உள்ளே அனுப்பி, இடுக்கை அடைத்துத் தைத்தார். கையுறையைக் கழற்றும்போது சொன்னார்: "சீட்டுல இருக்கிற கையெழுத்து என்னுது சிஸ்டர். நான் பாக்காம எழுதினேன்."

"பாத்தது நான்தானே சார்."

அவர் கையுறைகளைத் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போனார்.

நான்காம் நாள் தேசம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தபோது, அவள் கட்டிலோரம் நின்று சொல்லிவிட்டேன். முதல்நாள் நான் சரியாகப் பார்க்கவில்லை, அது நெறி இல்லை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று. மகளின் காய்ச்சலைப் பற்றியும் பாசஞ்சரைப் பற்றியும் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்பு கேட்பதாக இருக்காது, வாங்கிக்கொள்வதாக இருக்கும் என்று தோன்றியது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ ஒம்போது நாளு உப்ப வறுத்து வறுத்து ஒத்தடம் குட்தேனே?"

"குடுத்திருக்கக் கூடாதும்மா."

"நீதான குடுன்னே."

"ஆமா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுநாள் காலை கட்டுப் பிரிக்கப் போனபோது குப்பம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "தேசம்மா, அந்த நர்ஸு என்னத் தொட வோணாங்குது சிஸ்டர். இன்னா பண்ணே?" வேறொருத்தி கட்டுப் பிரித்தாள், தையலையும் அவளே எடுத்தாள். நான் வாசற்படியில் நின்று காயம் உலர்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். வீடு திரும்பும் நாளில் என் பக்கம் திரும்பாமல் என்னைக் கடந்துபோனாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு புதன்கிழமை, பெண்கள் வரிசையில் தேசம்மா நின்றிருந்தாள். எல்லம்மாவின் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். அவர்கள் முறை வந்ததும் திரைக்குப் பின்னால் எல்லம்மாவைத் தள்ளிவிட்டு, தானும் உள்ளே வந்தாள்.

"இவுளுக்கும் ஒண்ணு கீது. பாரு. நான் இங்கியே நிக்கறேன்."

எல்லம்மா வழக்கம்போலப் பெஞ்சில் ஏறப்போனாள். "படுக்காதடி" என்றாள் தேசம்மா. "முதல்ல நிக்க வெச்சிப் பாரு நர்சம்மா."

நான் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். வலது மடிப்புக்குக் கீழே மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ இருந்தது.

"ரெண்டு காலையும் பாத்தியா?"

பார்த்தேன். இரண்டிலும் கீறல்கள். இரண்டிலும் சீழ் இல்லை.

"இருமுடி. நல்லா இருமு, கெழவியாட்டம் இருமாத."

எல்லம்மா இருமினாள். என் விரலில் ஏதோ தட்டியதா, அவள் உடம்பே குலுங்கியதா? இன்னொரு தடவை இருமச் சொன்னேன். அப்போதும் நிச்சயமில்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சர்ஜன், "எங்கே சிஸ்டர்? அளவு?" என்றார். பேனா சீட்டின்மேல் காத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

"தெரியல சார்" என்றேன். "நீங்க வந்து பாக்கணும்."

எல்லம்மா புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டாள். "ஐயையோ, ஆம்பளயா? நான் மாட்டேன். நெறின்னு எழுதிக் குடு நர்சம்மா, போய்க்கினே இருக்கேன்."

"என்னயும் ஆம்பளதான் பாத்தாரு. இன்னா கொறஞ்சி பூட்டேன்? நில்லுடி." என்னைக் கேட்கவில்லை, சர்ஜனையும் கேட்கவில்லை. தேசம்மா தானே போய்த் திரையின் இரும்புச் சட்டத்தைப் பிடித்து இழுத்து ஓரமாகத் தள்ளினாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சர்ஜன் கையில் பேனாவோடு எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவைப் பையில் வைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எல்லம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தேசம்மா மூடவில்லை. என் விரல் இருந்த இடத்தில் அவர் விரல் போய்ச் சேரும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.